அறுபத்தைந்து பாகம்

உள்துறைமுக இறங்குதுறையில்
நீர்மட்டம் பார்க்கும் குழாய்க்குக்
கிழமைக்கொருக்கால் சிப்பி சுரண்டுவது என் வேலை.
சம்பளப் பட்டியலில் அதற்கு வேறு பெயர்.

பஸ்மியா கிண்ணியா பஸ்ஸில் வந்திறங்குவாள்,
கையில் ஐஸ்கிறீம் பெட்டி.
உள்ளே சேறு.
கொட்டியாரக்குடா வாயில் கடல் திடீரென்று
கிணறாகிற இடத்துக்கும் அப்பால் தோண்டியது.
கழுவி அரித்தால் உப்புக்கல்லிலும் சின்ன ஓடுகள்.
நுணுக்குக்காட்டியில் குனிந்து எண்ணுகிறாள்,
நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்றுப் பதின்மூன்று,
"இது குளிர்காலத்து ஆள், நேசராசா அண்ணை."
குளிர்காலம் என்று அவள் சொல்வது
இருபதாயிரம் வருசத்துக்கு முந்தியதை.

அப்போது தண்ணீரின் பெரும்பங்கு
உலகத்தின் இரண்டு நுனியிலும் உறைந்து கிடந்ததாம்.
கரை, அறுபத்தைந்து பாகம் கீழே.
கோணேசர் மலையடியை அலை தொட்டிருக்காது.
இந்தத் துறைமுகம் வெறும் பள்ளத்தாக்கு;
நான் நிற்கிற இடம் ஒரு மேட்டு விளிம்பு.

பிறகு வெயில் உருக்கிற்றாக்கும் என்றேன்.
வெயில் முன்வாசலில் நின்றது,
நீரோட்டம் பின்பக்கத்தால் போயிற்று என்றாள்.
ஆழத்தில் திசை மாறிய ஒரு நீர்
பனியின் மிதக்கிற விளிம்புக்கு அடியில் நுழைந்து
அடிவயிற்றை அரித்திருக்கிறது.
இன்றைக்கும் தெற்கே அதே வேலைதான் நடக்கிறதாம்.
எவ்வளவு சூடு?
உறைநிலைக்கு மேல் இரண்டு மூன்று பாகை.
கன்னியாக் கிணற்றில் குளித்து வளர்ந்த எனக்கு
அதைச் சூடு என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்து அவள் சொன்னதில்தான் தேத்தண்ணி ஆறிப்போனது.
பனிமலை தன் கனத்தால்
கடலைக் கிட்ட இழுத்து வைத்திருக்கிறதாம்.
அது கரைந்தால் அதன் காலடியில் கடல் தாழும்,
பிடி விட்ட தண்ணீர் தூரத்துக்குப் போகும்.
தூரம் என்றால் எங்கே, என்றேன்.
சேற்றுக் கையாலேயே காட்டினாள்
என்ரை குழாயை.

வருசத்துக்கு நாலு மில்லிமீற்றர்.
ஒரு பாசிப்பயறு.
பயற்றை யார் கணக்கு வைப்பது?

பின்னேரம் கச்சான் விழுந்து
குடா கண்ணாடியாய்க் கிடந்த நேரம்
ஏணியில் இறங்கினேன்.
வேலைக்குச் சேர்ந்த வருசம்
இரும்பில் ஆணியால் கீறிய கோடு,
இதற்கு மேல் சுரண்டத் தேவையில்லை என்று
எனக்கு நானே போட்டது.
பதினாலு வருசம் அதை நான் பார்க்கவேயில்லை.
கோட்டுக்கு மேலே மூன்று விரல் உயரத்துக்குச் சிப்பி,
புதுசு, நகக்கண் அளவு,
வாய் திறந்து மூடிக்கொண்டு.

கத்தியை ஓங்கினேன்.
"விடுங்கோ, அதை எண்ணவேணும்"
என்று மேலேயிருந்து குரல்.
கடைசி பஸ் போய்விட்டது.