பதினேழாம் பக்கம்

ஒட்டுசுட்டான் நூலகத்தில்
அவருடைய நாவல்கள் எட்டு.
எட்டுப் பின்னட்டையிலும் அதே கன்ன மீசை.
கிளினிக் முடிந்த கையோடு போய்
முதுகுகளை விரலால் தடவிக்கொண்டு நின்றேன்,
தலை எந்தப் பக்கம் என்று
வயிற்றில் தேடுகிற மாதிரி.

நூலகர் குணாளினி சொன்னாள்:
எழுதின ஒழுங்கில வாசியுங்கோ மிஸ்.
முதலாவது அவ்வளவு திறமில்லை,
ஆனால் மனுசன் எப்பிடித் தேறினார் எண்டு விளங்கும்.

பேப்பர் மேசையிலிருந்து
மின்மானி வாசிக்கிற யோகநாயகம், தலை நிமிராமல்:
பெரிசைத் தூக்குங்கோ. எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அதை முடிச்சால் மற்றதெல்லாம் சில்லறை.
நீங்கள் முடித்தீர்களா என்றேன்.
நானூறு மட்டும்.
பிறகு இஞ்ச மாற்றலாகி வந்திட்டன்.

நெடுங்கேணி அருள்நேசன் வாத்தியார் ஃபோனில்:
சாகிறதுக்கு முந்தி எழுதினதைத் தொடுங்கோ.
சின்னன். எல்லாம் அதுக்குள்ள இருக்கு.
கடைசிச் சொல்லை முதலில் கேட்டுவிட்டு
மிச்ச ஏழையும் என்ன முகத்தோடு வாசிப்பது?

என் வேலையே தொடக்கம் குறிக்கிற வேலை.
கர்ப்பிணிப் பதிவேட்டில்
கடைசி மாதவிடாய்த் திகதி எழுதி
அங்கிருந்து கிழமைகளை எண்ணுவோம்.
அன்றைக்குப் பிள்ளை இல்லை.
அடுத்த கிழமையும் இல்லை.
இல்லாத இரண்டையும் சேர்த்துத்தான் நாற்பது.
போன மாசம் பேராற்றில் ஒருத்தி
திகதி தெரியாது, உழுந்து பிடுங்கின கிழமை என்றாள்.
கமநல சேவை நிலையத்துக்கு அடித்துக் கேட்டேன்.
எந்த வயல், என்றார்கள்.

கீழ்த் தட்டில், கழிக்க ஒதுக்கியவற்றோடு
அட்டையில்லாமல் ஒன்று கிடந்தது.
அதுவும் அவற்றதான் மிஸ்,
எது எண்டுதான் தெரியேல்ல.
முதல் பதினாறு பக்கம் இல்லை.
பதினேழின் ஓரத்தில் ஊதா முத்திரை,
ஊர்ப்பெயரில் முன்பாதி அழிந்து
'குளம் சனசமூக நிலையம்' மட்டும்.
இந்தப் பக்கத்தில்
குளத்தில் முடியாத ஊர் எத்தனை?

பதினேழின் முதல் வரி:
என்று சொல்லிவிட்டு, கையுறைகளை மேசையில் வைத்தாள்.

என்ன சொன்னாள்?
எழுதிக் கையெழுத்து வைத்து எடுத்து வந்தேன்.
தலைப்பு என்ற கட்டத்தில்
குணாளினி 'குளம்' என்று போட்டாள்.

முத்தையன்கட்டில் மழை.
நிறுக்கிற தராசு வெறுமனே ஆடியது,
ஒரு தாயும் வரவில்லை. வாசித்தேன்.
அவள் யார் என்று நாற்பதாம் பக்கத்தில் தெரிந்தது.
அவள் சொன்னதை
ஐந்நூறு பக்கத்திலும் ஒருவர் திருப்பிச் சொல்லவில்லை.
ஆனால் எல்லோரும் அதற்குப் பயந்தே
கதவைத் திறந்தார்கள், கடிதம் எழுதினார்கள்,
வண்டியில் ஏறினார்கள்.

எனக்கது பழக்கம்.
நான் படலையைத் தள்ளுகிறபோதெல்லாம்
உள்ளே ஒரு பேச்சு பாதியில் நிற்கும்.
மிஸ் வந்திட்டா, என்பார்கள்.
பிரஷர் பார்ப்பேன், கால் வீக்கம் அழுத்திப் பார்ப்பேன்.
நின்ற பாதியைக் கேட்பதில்லை.

தைமாதம் வவுனியாவில்
புத்தகக் கடைக் கண்ணாடிக்குள் முழுசாய் இருந்தது,
மீசையோடு, தலைப்போடு.
பதினாறாம் பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு
பதினேழைப் பார்த்தேன்.
புது அச்சு. எண் எல்லாம் மாறிவிட்டது.
பதினேழில் யாரோ சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்.
கையுறை எங்கே கிடக்கிறதென்று தேடாமல்
மூடி வைத்தேன்.
கடைக்காரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.
ஒரு சிவப்புப் பேனை வாங்கினேன்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது
தலைப்புக் கிடைச்சுதோ மிஸ், என்றாள் குணாளினி.
குளம் என்றே இருக்கட்டும்,
கழிக்க வேண்டாம், என்றேன்.
மேசை தாண்டிக் கை நீட்டி
யோகநாயகம் அதை வாங்கினார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்,
திறந்தார்.

ஆர்?
என்னத்தைச் சொல்லிப்போட்டு?