செருப்பு வழக்கு

நவம்பரில் காணாமல் போனது அது.
வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு, இடது கால்,
குதிகாலில் என் நீலத் தையல்.
"நீதான் தூக்கிப் போட்டாய்" என்றான் ஹெல்தூர்.
"பழசு எதையும் விட்டுவைக்க மாட்டாய்."
"உன்னை விட்டுவைத்திருக்கிறேனே" என்றேன்.
அதன்பிறகு இரண்டு நாள்
இந்த வீட்டில் கெட்டில் மட்டும்தான் வாய் திறந்தது.

மறுவாரமே பனி விழுந்தது.
வில்யாந்தியில் அது சும்மா வருவதில்லை;
முழங்கால் உயரத்துக்குத் தோட்டத்தைப் பூட்டிச்
சாவியை ஏப்ரல் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகும்.
குளிர்காலம் முழுக்க
வலது காலில் செருப்பும்
இடது காலில் இரண்டு காலுறையுமாக
நடமாடும் குற்றப்பத்திரிகை போலத் திரிந்தான்.
டிசம்பரில் புது ஜோடி வாங்கித் தந்தேன்.
செருப்பை அலமாரியில் ஏற்றிவிட்டான்;
பெட்டியைப் பூனை எடுத்துக்கொண்டது.

பூனைக்குப் பெயர் ஹெர்னெஸ், பட்டாணி.
நாய்க்குக் கிவி. எங்கள் மொழியில் கல்.
ஒரு கணம் ஓரிடத்தில் கிடக்காத பிராணிக்கு
அந்தப் பெயரை வைத்தது யார் என்பது
தனி வழக்கு.

மார்ச்சில் தயிர்க் கிண்ணங்களில் தக்காளி விதைத்தேன்.
பன்னிரண்டு. ரேடியேட்டருக்கு மேல், சன்னலோரம்.
ஈரிலை விட்டு எல்லாம் கண்ணாடியை நோக்கிச் சாய்ந்தபோது
பட்டாணி பெட்டியை விட்டு இறங்கி வந்து
வெயிலைத் தேடி
அவற்றின் மேலேயே படுத்துத் தூங்கியது.
மிச்சம் ஏழு.
திட்டினேன். கொட்டாவி விட்டது.
அதன் வயிற்று மயிரில் ஒரு பச்சை இலை
ஒட்டிக்கொண்டிருந்தது, பதக்கம் மாதிரி.

ஏப்ரல் இரண்டாம் வாரம் கூரை சொட்டத் தொடங்கியது.
ஹெல்தூர் பிர்ச் மரத்தில் துளையிட்டு
வாளி தொங்கவிட்டான்.
பிர்ச் நீருக்கு ருசி என்று பெரிதாக ஒன்றுமில்லை;
தண்ணீர்தான், ஆனால்
எதையோ சொல்ல வந்து மறந்துபோன தண்ணீர்.
கிவி வாளியில் வாய் வைத்தது. விரட்டினோம்.
திரும்பவும் வைத்தது.

பனி பின்வாங்கப் பின்வாங்கத்
தோட்டம் கணக்கை ஒப்படைத்தது:
துணிக்கவ்விகள் நான்கு,
பக்கத்து வீட்டு சல்மேயின் கரண்டி,
நாங்கள் தோண்ட மறந்த ஒரே ஒரு உருளைக்கிழங்கு,
மண்ணைக் குத்திக்கொண்டு ருபார்பின் சிவந்த முஷ்டி.
அப்புறம் கூஸ்பெரிப் புதருக்கு அடியில்
அது.

அதற்குள் ஒரு பூ பூத்திருந்தது என்று
எழுத ஆசைதான்.
சேறு இருந்தது. ஒரு நத்தை இருந்தது.
முனையில் வரிசையாகப் பல் தடம்.
மனிதப் பல் இல்லை, அதுவரை நிச்சயம்.

வேலியோரம் வந்து சல்மே எட்டிப் பார்த்தாள்:
"ஓ, அதுவா? அன்றைக்கே பார்த்தேனே,
கிவி வாயில் சாம்பலாக ஏதோ. எலி என்று நினைத்தேன்."
ஐந்து மாதம்!
என் சாட்சி வேலிக்கு அந்தப் பக்கம்
முட்டைக்கோசு தின்றுகொண்டு இருந்திருக்கிறது.

செருப்பை அவன் முன் வைத்தேன். மேசை மேலேயே வைத்தேன்.
நத்தையோடு.
ஹெல்தூர் நெடுநேரம் பார்த்தான்.
மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் முளைத்து
நான் கண்டதில்லை.
நாயிடம் சொன்னான்: "நீயாவது சொல்லியிருக்கலாம்."
பிறகு நத்தையை எடுத்துப்போய்ப் புதரடியில் விட்டான்,
செருப்பை அலசினான்,
அடுப்பு மேல் காயவைத்தான்.
வீடு முழுக்க ஈரநாய் வாடை.

சாயங்காலம் சன்னலோரம் போனால்
தக்காளிக் கிண்ணங்கள் மறுபடி பன்னிரண்டு.
ஐந்தில் வெறும் மண், புதிதாக நனைத்தது,
ஒவ்வொன்றிலும் விதையை உள்ளே அழுத்திய விரல் தடம்.
பூனை ஏறாதிருக்கச் சுற்றிலும்
முட்கரண்டிகள் நட்டுவைத்திருக்கிறான், முனை மேலாக.
பருவம் தப்பிய விதை. காய்க்குமோ என்னவோ.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
கெட்டிலைப் போட்டேன், இரண்டு கோப்பைக்கு.

அவன் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான்,
இரண்டிலும் செருப்பு, இடது இன்னும் ஈரம்.
கீழே கிவி
கல் மாதிரிக் கிடக்கிறது, முதல்முறையாக,
வலது செருப்பைப் பார்த்தபடி.