கடன் கொப்பி

மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவு றோட்டில்
நாலாவது கடை.
போட்டோக் கொப்பி, லமினேற்றிங், றீலோட்,
நிமிடம் மூன்று ரூபாய்க்கு இன்ரநெற்.
இரண்டு கம்பியூட்டர். ஒன்றில் 'க' தேய்ந்துபோயிற்று.
காணிக்கும் கடனுக்கும் காணாமற்போனதற்கும்
அதுதானே முதலெழுத்து.

மாசியில் ஏகாம்பரநாதன் வந்தார்.
ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு
செயற்கைக் கால் விலை தேடினார்.
இடது. முழங்காலுக்குக் கீழே.
அடுத்த நாளிலிருந்து
அந்த மிசினில் ஆர் எதைத் திறந்தாலும்
பரீட்சைப் பெறுபேறோ பசளை மானியமோ
ஓரத்தில் ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து.
இருபது வீதம் கழிவு.
மூன்று கிழமை.

அவர் பார்த்துச் சிரித்தார்:
"ஒண்டு மட்டும் எண்டால் எவ்வளவெண்டு கேளும் தம்பி."

அன்றிரவு டொங்கிளைச் செருகி,
கரண்ட் போய்ப்போய் வர,
வேறொரு உலாவியை இறக்கினேன்.
எங்கேயோ ஆரோ எழுதி, காசு கேட்காமல் விட்டது.
அதன் குடல் முழுக்க வெளியில் கிடக்கிறது,
தெரிந்தவர்கள் வரிவரியாக வாசிக்கலாம்.
எனக்குத் தெரியாது.
மூடிய கோப்புகளுக்கு முன்னால்
வரிசையில் நின்று வளர்ந்தவன் நான்.
திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதே போதுமாயிருந்தது.

மூடினால் மறந்துவிடும்.
மழை விட்ட குளக்கட்டில்
மாட்டின் குளம்படியாவது மிஞ்சும்,
இதில் அதுவுமில்லை.
சப்பாத்துகள் போய்விட்டன.
ரியூசன் முடிந்து வரும் யதுர்ஷிகா மட்டும்
ஒவ்வொரு நாளும் சண்டை:
"என்ர பாஸ்வேட்டை ஏன் அண்ணா வைச்சிருக்கேல்லை?"

கார்த்திகை.
சேட்டை உள்ளே விட்ட ஒருவர்
ஹெல்மெட்டோடு வந்தார். நல்ல தமிழ்.
"நேற்றுப் பின்னேரம் இதில இருந்தது ஆர்?
என்ன பாத்தவை?"
திறந்து காட்டினேன். வெள்ளை.
மேலே உருட்டினார், கீழே உருட்டினார். வெள்ளை.
"அழிச்சுப்போட்டீரோ?"
"இல்லை. அது எழுதி வைக்கிறதே இல்லை."

நம்பினார். நம்பியது முகத்தில் தெரிந்தது.
அரை நிமிடம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

பிறகுதான் பார்த்தேன், அவருடைய முழங்கைக்குக் கீழே
நாற்பது பக்கக் கொப்பி,
என் கையெழுத்து, நீல மை:
*தேவமலர் அக்கா. 4.10 – 5.35.*
*85 நிமி. 255 ரூபா. பிறகு.*

போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தார்.
புரட்டி, முந்தின பக்கத்தையும்.
போகும்போது நூறு ரூபாய்க்கு றீலோட் போட்டார்.
காசு தந்துவிட்டுத்தான் போனார்.

தேவமலர் அக்காவிடம் சொன்னேன்.
அவ ஏசவில்லை.
"மகன்ர படத்தைத் தேடிப் பெருசாக்க வந்தனான்.
அதைத்தானே றோட்டில பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்,
அதில என்ன ஒளிப்பு."
மிச்சக் காசை எண்ணி முடித்தபிறகு சொன்னா:
"ஆனா நான் எத்தினை மணிக்கு வீட்டில இல்லையெண்டது
அவையளுக்கு ஏன்?"

பழைய கொப்பியை அடுப்பில் வைத்தேன்.
மட்டை எரிய நேரமெடுத்தது.

புதியதில் தொகை மட்டும்.
60. 18. 42. 120.
பெயரில்லை, நேரமில்லை, கிழமையில்லை.
வருகிறவர்கள் விரலை வைத்து
"இது என்ர" என்கிறார்கள். வெட்டுகிறேன்.
யதுர்ஷிகா பதினெட்டைத் தந்தாள்,
அது அவளுடையதுதானா என்று கேட்கவில்லை.

நாற்பத்திரண்டு இன்னும் நிற்கிறது.
ஆருடையதென்று எனக்கும் தெரியாது.

நேற்று ஏகாம்பரநாதன்
நூற்றிருபதில் விரலை வைத்தார்.
காசை வாங்கி வெட்டினேன்.
அந்தக் கிழமை முழுதும்
அவர் கால் அளக்க வவுனியாவில் நின்றவர்.