கூட்டக்குறிப்பில் இல்லாதவை

பத்து மணிக் கூட்டம் பத்து நாற்பதுக்குத் தொடங்கியது.
நான் எழுதியது: "கூட்டம் உரிய நேரத்தில் ஆரம்பமானது."
எனக்குச் சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

மேசையின் தலைமாட்டில் மேலதிகச் செயலாளர்.
வலப்பக்கம் கொழும்புக் கொம்பனி, மடிகணினி இரண்டு.
இடப்பக்கம் வங்கி, அதற்கு அப்பால் மின்சாரசபை,
அதற்கும் அப்பால், கதவோரம்,
பாசையூர்ச் சங்கத்துச் செபமாலைமுத்து,
காலடியில் ஒரு றெஜிபோம் பெட்டி.

திட்டம் நல்ல திட்டம். நக்கலுக்குச் சொல்லவில்லை.
காணி அரசு தரும். இயந்திரம் கொம்பனி தரும்.
கடன் வங்கி தரும். நண்டைக் கடல் தரும்
(கையொப்பமிடக் கடலை யாரும் அழைக்கவில்லை).
நாளுக்கு எட்டுத் தொன் ஐஸ், கரையிலேயே.
இப்போது ஐஸ் லொறியில் வருகிறது,
பாதியைத் தார்வீதி குடித்துவிடுகிறது,
மீதிக்கு முழு விலை.

மூன்று மொழியில் மூன்று பிரதி.
சிங்களப் பிரதியில் சங்கம் பயனாளி,
ஆங்கிலப் பிரதியில் பங்காளி,
தமிழில் அந்த இடம் வெற்றுக்கோடு.
பென்சிலால் வட்டமிட்டேன். யாரும் கேட்கவில்லை.

பதினொன்று இருபதுக்குக் கறண்ட் போனது.
ஜெனரேற்றருக்கு டீசல் கேட்ட கடிதம்
இன்னும் கணக்குக் கிளையில் படுத்திருக்கிறது.
மின்சாரசபைப் பொறியியலாளர் அண்ணாந்து பார்த்தார்,
அந்த மின்குமிழைத் தனக்கு முன்பின் தெரியாது என்பதுபோல.

நின்றிருந்தது ஐந்தாம் வாசகத்தில்:
மின்மாற்றிக்கு யார் காசு?
"உட்கட்டமைப்பு அரசின் பொறுப்பு," என்றது கொம்பனி.
"பயன்பெறுவோர் பங்களிப்பு," என்றது அரசு.
வங்கி கடன் கோப்பை மடித்து விசிறிக்கொண்டிருந்தது.

அரை மணி. முக்கால் மணி.
பெட்டியின் மூலையிலிருந்து ஒரு கோடு தண்ணீர்
மெல்ல நடந்து
கொம்பனிக்காரரின் சப்பாத்தைத் தொட்டு, கொஞ்சம் யோசித்து,
செயலாளரின் கதிரைப்பக்கம் திரும்பியது.
பிறகு மணம்.

"என்ன அது?"
"நீலக்கால் நண்டு, மேடம். சாம்பிளுக்குக் கொண்டந்தனான்.
விடிய, கிலோ ஆயிரத்து எண்ணூறு.
கூட்டம் தொடங்கேக்க ஆயிரத்து முந்நூறு.
இப்ப…" மூடியைத் தூக்கிப் பார்த்தார்,
"உங்கட கூட்டம் திண்டது போக எழுநூறு."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இதற்கு மேல் நடந்ததை எப்படி எழுதுவது?
"நீண்ட கலந்துரையாடலின் பின் இணக்கம் காணப்பட்டது."
செயலாளர் சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி
"பாதிக்குப் பாதி" என்றார்; அவ்வளவுதான்.
கொம்பனி தலையாட்டியது, ஒரு நிபந்தனையோடு:
மூன்று வருட நண்டும் தனக்கே.
அப்போதுதான் செபமாலைமுத்து
கதிரையை மேசைக்கு இழுத்தார்.

"விலை ஆர் சொல்லுறது?"
"சந்தை."
"எந்தச் சந்தை? குருநகரோ, சிங்கப்பூரோ?"

பதில் வராத அந்த இடத்தில்
என் பேனை நின்ற புள்ளி
இன்னும் தாளில் இருக்கிறது, கொஞ்சம் ஊறி.

கடைசியில் சேர்த்த வரி இது:
கிழமைக்கொருமுறை கொள்வனவு விலையும் ஏற்றுமதி விலையும்
சங்க வாசல் கரும்பலகையில் எழுதப்படும்.
ஒப்பமிட முன் கொம்பனி
கொழும்புக்கு மூன்று அழைப்பு எடுத்தது.

மின்மாற்றி வர ஒன்பது மாதம்.
ஒரு சனிக்கிழமை, கடமையில்லாத நாளில், போய்ப் பார்த்தேன்.
இயந்திரம் நாலில் இரண்டு ஓடுகிறது.
ஐஸ் பாளத்தின் வயிற்றில் வெள்ளைக் காற்று நரம்புகள்;
தரம்பிரிக்கும் பெண்கள் கையுறை கழற்றாமல்
தேத்தண்ணி குடித்தார்கள். நண்டு மணக்கவில்லை.
கடனின் முதல் தவணை கட்டியாயிற்றாம்.

கரும்பலகையில் கொள்வனவு விலை: 1,650.
ஏற்றுமதி விலை என்ற தலைப்பின் கீழ்
ஐந்து கிழமையாக ஒன்றுமில்லை.
ஜெனிற்றா என்கிற பெண், சோக்கட்டியால்,
வடிவான எழுத்தில் எழுதியிருந்தாள்: "காத்திருக்கிறம்."

திங்கள் காலை முதல் வேலையாகக் கொம்பனிக்கு ஒரு கடிதம்.
தலைப்பு: நினைவூட்டல் – 1.
கோப்பில் இரண்டுக்கும் மூன்றுக்கும்
இடம் விட்டுத்தான் நூல் கட்டினேன்.