ஒரு நட்சத்திரம் குறைவு

வடசேரியில், டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி.
இந்த வாரம் எனக்குத் தந்த வேலை
அலங்காரம்.
நிரலை யாரோ எழுதியாயிற்று.
அதற்குள் இருக்கிற குறிப்புகளைப் பொறுக்கி
ஒரு கருவி தானாகவே கையேடு கட்டிவிடும்.
நான் அதற்குச் சட்டை மாட்ட வேண்டும்:
தலைப்புக்கு என்ன அளவு, ஓரத்துக்கு எவ்வளவு இடம்,
எச்சரிக்கைப் பெட்டிக்கு எந்த மஞ்சள்.

மட்டிப்பழத் தோலின் மஞ்சள் வைத்தேன்.
"கொஞ்சம் அடக்கமா" என்றார் ரெஜினால்ட் சார்.

குளச்சல் சங்கத்துக்கான மென்பொருள்.
எந்த வள்ளம் எப்போது போனது,
எப்போது திரும்பியது,
எது திரும்பவில்லை.
இவ்வளவுதான், நாற்பத்தோராயிரம் வரிகளில்.

எழுதியவர் பெலார்மின்.
நான் சேருவதற்கு முந்தின மாதம் தோஹா போய்விட்டார்.
அவருடைய நாற்காலியில்தான் உட்காருகிறேன்.
இடதுபக்கச் சக்கரம் ஒன்று சுற்றாது.

முதல் தடவை கருவியை ஓட்டியபோது
தமிழுக்கெல்லாம் தலை போயிருந்தது.
வரியின் உயரம் ஆங்கிலத்துக்கு அளந்தது;
சுழியும் புள்ளியும் வெட்டுப்பட்டு
'மீன்' எல்லாம் 'மன' என்று நின்றது.
ஒன்று புள்ளி இரண்டை
ஒன்று புள்ளி எட்டாக்கினேன்.
மீன்கள் வந்தன.

பிறகுதான் வாசித்தேன்.
பதினான்காம் பக்கம், தடித்த எழுத்தில்,
அடக்கமான மஞ்சள் பெட்டிக்குள்:
"லேய், இது எதுக்குண்ணு கேக்காத. எடுத்தா எல்லாம் நிண்ணுபோவும்."
கருவிக்குச் சிரிக்கத் தெரியாது.
பொருளடக்கத்தில் அதற்கு எண் வேறு கொடுத்திருந்தது,
மூன்று புள்ளி இரண்டு புள்ளி ஏழு.

விதி எளியது.
சாய்கோட்டுக்குப் பின்னால்
இரண்டு நட்சத்திரம் இட்டுத் தொடங்கும் குறிப்பு
கையேட்டுக்கு வரும்.
ஒன்றே ஒன்று இட்டால்
நிரலோடு கிடக்கும்.

அறுபத்தோராம் பக்கம் பாதி காலி.
'காத்திருப்பு நேரம்: 180 நிமிடம்.'
அதன் கீழே வெள்ளை.
என் வடிவமைப்பில் ஏதோ பிசகு என்று
நிரலைத் திறந்து பார்த்தேன்.
பிசகில்லை.
ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே
பெலார்மின் பேசிக்கொண்டிருந்தார்:

"சங்கத்துல முந்நூறு சொன்னாங்க. நான் நூத்தியெம்பது வச்சேன்.
பேட்டரி தீந்த ஃபோனும் முங்கின வள்ளமும்
இந்த நிரலுக்கு ஒண்ணுபோலத்தான்.
ரெண்டுலயும் பதில் வராது.
ததேயு மாமாவுக்கு ஃபோன்ல சார்ஜ் இல்லேண்ணு
நாங்க அஞ்சு மணிநேரம் நெனச்சோம்.
இத யாராவது கூட்டணும்னா மொதல்ல எனக்கு விளிக்கணும்."

பிறகு பத்து இலக்கங்கள்.

மின்சாரம் போனது. யுபிஎஸ் கூவத் தொடங்கியது.
ஒன்று போதும் என்று நினைத்தாரா,
விரல் தவறியதா,
அந்த வரிகளை வைத்துச் சொல்ல முடியாது.
"நிரல்ல கை வைக்காதீங்க, ஸ்டைல் மட்டும்"
என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.
குறிப்பு ஓடாது. கணினி அதைப் படிப்பதேயில்லை.
அதனால் கை வைத்ததாகாது
என்று எனக்கு நானே வழக்காடி
இன்னொரு நட்சத்திரம் தட்டினேன்.

பக்கம் நிரம்பியது. நிரம்பி,
கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்தது,
இலக்கங்களோடு.
ஓரத்தைக் குறுக்கினேன். எழுத்தைக் குறுக்கவில்லை.
அந்தப் பெட்டிக்கு மட்டும்
மட்டிப்பழ மஞ்சளைத் திரும்ப வைத்தேன்.
ரெஜினால்ட் சார் அறுபதுக்கு மேல் புரட்டுகிறவரில்லை.

திங்கட்கிழமை குளச்சலிலிருந்து விளித்தார்கள்.
கையேடு கிடைத்ததாம். எழுத்து தெளிவாம்.
ஒரே ஒரு சந்தேகம்:
அந்த நூற்றெண்பதை நூற்றிருபது ஆக்க வேண்டும்,

"குறைக்கதுக்கும்
அந்தப் பையனுக்குத்தான் விளிக்கணுமா?"