ஜனவரி ஒன்று

கதவடியில் நாலு கடிதங்கள், நனைந்த ஓரங்களோடு.
எல்லாம் 'திருமதி நல்லையா'வுக்கு.
நல்லையா என் அப்பா.
விமானமே ஏறாத மனிதர்
கொவன்ட்ரியில் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார்.

முதலாவதில் ஒரு சோபா,
சாம்பல் நிறம், முப்பத்தாறு தவணை.
இரண்டாவதில் கைபேசி. மூன்றாவதிலும் அதே கைபேசி.
நாலாவது,
டெனெரிஃபில் கடல் பார்த்த அறையில்
நான் ஐந்து இரவு தூங்கியதாகச் சொன்னது.
இரவு வேலைச் சப்பாத்தைக் கழற்றாமல்
குசினிக் கதிரையில் இருந்து
அதை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன்.
கடல் எப்படி இருந்தது என்று எழுதவில்லை.

நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு மொராக், கிளாஸ்கோ உச்சரிப்பு.
பாதுகாப்புக்குச் சில கேள்விகள் என்றாள்.
பிறந்த தேதி?

பிறந்தது புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை.
தாளில் இருப்பது ஜனவரி ஒன்று.
குரொய்டனில் மேசைக்கு அப்பால் இருந்தவர்
சரியாகத் தெரியாவிட்டால் இதுதான் என்று போட்டார்.
அன்று அந்த வரிசையில் நின்ற பதினொரு பேரும்
ஒரே நாளில் பிறந்தோம்.
இருபத்திரண்டு வருடமாகியும்
வாய் முதலில் புரட்டாசிக்குத்தான் போகிறது,
போய்த்தான் திரும்புகிறது.
அந்த இடைவெளியில் மொராக் எதையோ தட்டச்சினாள்.

'போன மாதம் கேட்டபோது
உடனே சொன்னீர்களே?'

அவள் தடுமாறவில்லை. அவளோ, அவனோ.
என் ஜனவரியை என்னைவிட நன்றாகப்
பாடமாக்கிய ஒரு ஆள்.
அம்மாவின் கன்னிப்பெயர் கேட்டதற்கும் பதில் இருந்ததாம்.
அம்மாவுக்கு அப்படி ஒன்று கிடையாது;
கட்டம் வெறுமையாய் இருக்கக் கூடாதென்று
அப்போது குடியிருந்த தெருவின் பெயரை
நான் எழுதி வைத்தது.
அதையும் சொல்லியிருக்கிறது அது.

இன்னொன்று, என்றாள் மொராக், குரலைத் தாழ்த்தி.
முதல் ஐந்து தவணையும்
நாள் தவறாமல் கட்டப்பட்டிருக்கிறது.
உங்கள் கடன் மதிப்பெண் எழுபது புள்ளி ஏறியிருந்தது.
ஆறாவதில்தான் ஆளைக் காணோம்.

தண்ணீர்க் காசை ஒருமுறை பிந்திக் கட்டி
கிடைக்கவிருந்த வீட்டை இழந்தவள் நான்.
அந்த ஐந்து மாதம்
நான் நல்லவளாக இருந்திருக்கிறேன்.

காவல்துறை ஒரு எண் தந்தது, பதினான்கு இலக்கம்.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.
புது அட்டை ஒரு உறையில்,
இரகசிய எண் இன்னோர் உறையில்.
இரண்டும் ஒரே நாளில் வரக் கூடாதாம்.
ஒரே நாளில்தான் வந்தன.

'மறக்க முடியாத தேதி' என்றொரு கட்டம்.
பழைய பஞ்சாங்கம் ஒன்றைக் கைபேசியில் தேடினேன்.
நான் பிறந்த வருடத்துப் புரட்டாசியில்
நாலு சனி.
ஒன்றைத் தெரிந்து நிரப்பிவிட்டேன்.
எதுவென்று
உங்களுக்கும் சொல்வதாயில்லை.