இரண்டாம் வடி

காலை நாலரைக்குத்தான் எங்கள் லயத்தில்
கரண்டுக்கு முழுப் பலம்.
ஐந்தரைக்கு எல்லா காம்பராவிலும் கேத்தல் ஏறிவிட்டால்
பிளெண்டர் முனகும், சுற்றாது.

குழைந்த சோறு ஒரு கைப்பிடி,
அவித்த பருப்பு, பாதி கரட், ஒரு முட்டை,
தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி,
உப்பு நகக்கண் அளவு.
காலைக்கு மட்டும் வெளியே. மிச்சம்
கிருபைமேரி வீட்டுப் பிரிஜ்ஜில்,
அவள் பிள்ளைகளின் ஐஸ்பழத்துக்குப் பக்கத்தில்.
வாடகை கேட்கவில்லை அவள்.
மூடியை இறுக்கிப் போடு என்றாள், அவ்வளவுதான்.

நோர்வூட் பார்மசியில் டின் பவுடர் இருக்கிறது.
ஒரு டின் மூன்று நாளைக்கு.
ஒரு டின்னுக்குத் தவமலர்
ஆறு நாள் கொழுந்தெடுக்க வேண்டும்.

மாமா முப்பத்தொரு வருஷம்
பெக்டரியில் சல்லடைக்காரர்.
முதல் வாரம் தெரியாமல் லீக்ஸ் போட்டேன்.
நார் ஒன்று குழாய்க்குள் இறுகி
திரீவீலரில் டிக்கோயாவுக்கு ஓடினோம்.
பழையதை உருவி, புதியதை
மூக்கு வழியே இறக்கினார்கள்.
அவர் கண்ணில் நீர் வந்தது.
அது அழுகையில்லை.
தூளோடு காம்பைப் போகவிட்ட பையனைப்
பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்.

அன்றிலிருந்து இரண்டு வடி.
ஒன்று தேத்தண்ணி வடியில்.
இரண்டாவது, என் கலியாண வேட்டியில் கிழித்து
அவித்துக் காயவைத்த துண்டில்.

அந்தக் கலியாணத்துக்கு அவர் வரவில்லை.
சம்பள மறியலில் நான் சங்கம் மாறியவன்.
"அவன் வீட்டில் பச்சைத் தண்ணீரில்கூட
வாய் நனைக்கமாட்டேன்"
என்று பிரட்டுக் களத்தில் சொன்னார், எல்லோர் முன்னும்.
பதினொரு வருஷம்
அப்படியே இருந்தார்.

இப்போது என் கட்டிலில் இருக்கிறார்.
முதுகுக்கு மூன்று தலையணை.
மூக்கோரம் நதீஷா மிஸ் போட்ட சிவப்புக் கோடு
அதே இடத்தில்தானா என்று பார்க்கிறேன்.
சிரிஞ்சால் கொஞ்சம் இழுத்து
முந்தினது செரித்ததா என்று பார்க்கிறேன்.
பிறகு வெதுவெதுப்பாகத் தண்ணீர்.
பிறகு சாப்பாடு.
"தள்ள வேணாம் ஐயா,
உசத்திப் பிடிச்சா தானாப் போகும்"
என்று அரைத் தமிழில் சொல்லித்தந்தாள் மிஸ்.
உயர்த்திப் பிடித்திருக்கிறேன்.
கால் மணி நேரம்.
கை கடுக்கும், மாற்றக்கூடாது.
பேசாத இரண்டு பேருக்கு
அது நீளமான கால் மணி நேரம்.

ஒருநாள் உறைத்தது:
மனுஷன் சபதம் இன்னும் உடையவில்லை.
என் சோறு, என் தண்ணீர், எல்லாம்
மூக்கு வழியாய்ப் போகிறது.
வாய் நனையவில்லை.
சொன்னால் தவமலர் திட்டுவாள்.
அவரிடம் சொன்னேன்.
வலது பக்கம் விழுந்துபோன முகத்தில்
இடது பக்கம் மட்டும்
ஏதோ ஆனது.
சிரிப்பென்று சத்தியம் செய்யமாட்டேன்.

போன ஞாயிறு அவள் கருவாட்டை அவித்து
அந்தத் தண்ணீரை அரைப்பில் ஊற்றிவிட்டாள்.
மூன்று கரண்டி.
உப்புக் கூடும், மிஸ் கேட்டால் என்ன சொல்வது என்று
கத்தினேன்.
"நாக்குக்கே எட்டாதது,
அவருக்கு என்ன தெரியப்போகுது?" என்றும் கேட்டேன்.
பதில் சொல்லாமல் துணியைப் பிழிந்தாள்.

உயர்த்திப் பிடித்தேன், இறங்கியது.
தண்ணீர் விட்டுக் கழுவி மூடியைப் போட்டேன்.
சாயவிடாமல் அரைமணி.
வெளியே மூடுபனி, ஒரு நாய், யாரோ விறகு பிளக்கும் சத்தம்.

ஏப்பம் வந்தது.

நல்ல பெரிய ஏப்பம்.
காம்பரா முழுக்கக் கருவாட்டு வாசம்.
கண்ணைத் திறந்தார்.
மூடிய வாய்க்குள் நாக்கு
இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் போய்வந்தது,
தொலைத்ததைத் தேடுகிற ஆள்போல.
பிறகு இடது கை எழுந்து
கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு.

"என்னவாம்?" என்றேன்.
தவமலர் அடுப்படியிலிருந்து திரும்பவேயில்லை.
சல்லடை விளிம்பில் இரண்டு தட்டினால்
அடுத்ததைக் கொட்டு என்று அர்த்தமாம்.

ஒன்றரைக்குத்தான் அடுத்தது மாமா என்றேன்.
மறுபடி தட்டினார்.